ஆறட்டும் என்று நான் சொல்லவில்லை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு முகமில்லை. வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் வேன்காரம்மா என்றால் தெரியும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குடமுருட்டிப் பாலத்துக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் என் பட்டறை. டிராக்டர், வேன், லோடு ஆட்டோ எல்லாம் பார்ப்பேன்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வயலில் இறக்குவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவர் தொழில். அவரும் இருபது வருடம் அதே சேற்றில் குனிந்து நட்டவர்தான். நாற்பத்தொரு வயதில் கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய் ஓட்டக் கற்றுக்கொண்டார். பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கியர் மாற்றும்போது மட்டும் கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொள்வார்.

விவசாயிகள் போன் செய்தால் அவர் பேசுவது ஒரு வரிதான்.

“ஆறரைக்குப் பதினாலு பேரு வரப்புல நிப்போம்.”

நின்றார்கள். மழை பெய்தாலும் நின்றார்கள். ஒருமுறை, ஏறும்போது பதிமூன்று பேர்தான் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். வேனை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அவரே பதினாலாவது ஆளாக வயலில் இறங்கிவிட்டார். அந்த விவசாயி, “பதிமூணு பேரே போதும்மா, நீ வண்டியப் பாரு” என்றாராம். “பதினாலுன்னு சொன்னேன்ல” என்று அக்கா நாற்று முடியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் மனைவியிடம் ஒருநாள் பேச்சுவாக்கில், செவ்வாய்க்கிழமை பொன்னாங்கண்ணிக் கீரை கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி அதை அப்போதே மறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை அடைமழை, வேலை எதுவும் இல்லை. வேனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கீரையைக் கொடுத்துவிட்டுப் போனார். “இதுக்காவா இந்த மழையில வந்தீங்க?” என்று என் மனைவி கேட்டதற்கு, “இன்னைக்குச் செவ்வாக்கெழமதானே?” என்று அவர் திருப்பிக் கேட்டார். சந்தேகமாகத்தான் கேட்டார். கிழமையைத் தவறவிட்டோமோ என்று.

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்கே தெரியும். மற்றவர்கள் சொன்னதும் அவருக்கு அப்படியே என்பது கொஞ்சம் பழகினால்தான் தெரியும். ஆவூர்ப் பக்கம் போகிற வழியில் ஒரு சின்னப் பாலம். அதில் வேலை நடக்கிறது, வண்டி போகாது என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒரு வாரம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பாலத்தில் வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஒரு தடவ அந்தப் பக்கம் போயிப் பாத்திருக்கக் கூடாதாக்கா?”

“அவரு தெனம் அந்த வழியா வர்றவரு தம்பி. சொன்னாரே.”

இதில் என்ன சிரிப்பு என்பதுபோல என்னைப் பார்த்தார். ஏமாந்தவர் முகம் இல்லை அது.

என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. பட்டறைக்காரன் வாய். நாளைக்கு ரெடி, இதோ முடிஞ்சிடுச்சு, சின்ன வேலைதான், ஒண்ணும் ஆகாது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னதில்லை. வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் வருவார்கள். அக்கா மட்டும் நாளைக்குக் காலையிலேயே வந்து நிற்பார்.

ஒரு வருடம் ஆனி மாதம், குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரம். ஒரு திங்கட்கிழமை வேன் வெள்ளைப் புகையோடு வந்தது. என்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றார். என்ஜினின் மேல்பாகத்தை ஹெட் என்போம். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு. அது போயிருந்தது. பிரித்துத்தான் மாட்ட வேண்டும்.

“வியாழக்கிழமை காலையில வண்டி கெடைக்குமா தம்பி? கோவிந்தகுடியில சொல்லியிருக்கேன்.”

“வியாழக்கிழமை எடுத்துக்கங்கக்கா.”

ஹெட்டைக் கழற்றித் துடைத்து, இரும்புப் பட்டையை அதன் மேல் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். சமமாக இருந்தால் பட்டைக்குக் கீழே வெளிச்சம் தெரியக் கூடாது. நடுவில் முடி அளவுக்குத் தெரிந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. கும்பகோணத்தில் லேத் பட்டறைக்கு அனுப்பிச் சீவிச் சமப்படுத்த வேண்டும். போன் செய்தேன். கை நிறைய வேலை இருக்கிறது, சனிக்கிழமைதான் ஆகும் என்றார்கள்.

அக்காவுக்கு ஒரு போன் போட்டு, சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவர் கோவிந்தகுடிக்கு வேறு வண்டி பிடித்துக்கொண்டு போயிருப்பார். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சோம்பல் இல்லை. அவர் முன்னால் நானும் சொன்னால் சொன்ன ஆளாக நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் பசையைக் கூடுதலாகத் தடவி, ஹெட்டை அப்படியே ஏற்றி முடுக்கினேன். வியாழக்கிழமை ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்தேன்.

“சொன்ன மாதிரி குடுத்துட்டீங்க தம்பி” என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் வந்தார். கசிகிறதாம். பார்த்தேன். ஹெட் உட்கார்ந்திருக்கும் விளிம்பில், பக்கவாட்டில், கூலண்ட் என்கிற அந்தத் தண்ணீரின் பச்சைத் தடம் கோடாக இறங்கியிருந்தது. எங்கிருந்து என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

“புது கேஸ்கட் இல்லையாக்கா, மொதல்ல கொஞ்சம் கசியும். ஓட ஓட உக்காந்துடும்.”

“சரி தம்பி.”

அடுத்த வாரம் வந்தார். ரப்பர் குழாயின் இறுக்கியை மாற்றிவிட்டு, அதுதான் காரணம் என்றேன். அதற்கடுத்து ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். அதற்கும் அடுத்து, ஓட்டையை அடைக்கும் பொடி ஒன்று கடையில் விற்கிறது, அதைக் கரைத்து ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் பழைய இடத்தை ஈரத்துணியால் துடைத்துத் தடத்தை அழித்துவிட்டுத்தான் வண்டியை விட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கணக்காகச் சொல்வார்: “நேத்து அரைச் சொம்பு ஊத்துனேன். இன்னைக்கு ஒரு சொம்பு புடிச்சுச்சு.” டாக்டரிடம் சொல்வதுபோல எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். வேனில் இரண்டு கேன் தண்ணீரை எப்போதும் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அதுவும் நான் சொன்னதுதான்.

ஐந்தாவது தடவை வரவில்லை. போன் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். நான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“தம்பி, சூடு காட்டுற முள்ளு செவப்புல நிக்குது. முன்னாடி ஆவியா வருது. ஓரமா நிறுத்திட்டேன். என்ன செய்யட்டும்?”

“தண்ணி இருக்குல்ல?”

“ரெண்டு கேனும் இருக்கு.”

“மூடிய துணி போட்டுத் தொறந்து ஊத்துங்கக்கா. ஒண்ணும் ஆகாது.”

அவ்வளவுதான் பேசினேன். என் கை கிரீஸில் இருந்தது. டிராக்டர்க்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஆறட்டும், அப்புறம் திறங்க என்று சொல்ல வேண்டும். என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடம் அதுதான். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை.

மூடியைத் திறந்ததும் கொதிநீர் பீறிட்டு, அக்காவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வெந்துவிட்டது. கழுத்திலும் தாடையிலும் தெறித்திருந்தது. வேனில் இருந்த பெண்களே ஒரு லோடு ஆட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு கும்பகோணம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. போனேன். வாசலில் அமுதா நின்றிருந்தாள். வேனில் எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவள்.

“கொஞ்சம் ஆறட்டும்க்கான்னு நான் சொன்னேண்ணே. தம்பி ஊத்தச் சொல்லிட்டாரு, அவருக்குத் தெரியாதான்னு தொறந்துட்டாங்க” என்றாள். அவள் என்மேல் பழி சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை முழுக்க வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

“வேலையப் போட்டுட்டு வந்துட்டீங்களா? அவரு எட்டு மணி வரைக்கும் வரப்புலயே நின்னாராம் தம்பி. நாத்து பறிச்சு வச்சிட்டாரு. நான் வர்றேன்னு சொல்லியிருந்தேன்.”

விவசாயியைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு, சுற்றியிருந்த பெண்கள் முன்னால், குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

“அவசரத்துல எனக்குத்தான் காதுல விழல. நீங்க ஆறட்டும்னு சொன்னீங்கல்ல தம்பி?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அமுதாவும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அக்கா என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிக் கேட்கவில்லை. இதை நான் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். தெரிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் இருந்ததெல்லாம் தன் காதின் மேல்தான்.

“ஆமாக்கா” என்றேன்.

“பாத்தியா?” என்று அமுதாவிடம் திரும்பினார்.

அன்றைக்குச் சாயங்காலமே வேனைக் கட்டியிழுத்து வந்து ஹெட்டைக் கழற்றினேன். லேத் பட்டறையில் இரண்டு நாள் காத்திருந்து சீவி எடுத்துக்கொண்டு வந்து, புது கேஸ்கட் போட்டு, ஒழுங்கான வரிசையில் போல்ட்டுகளை முடுக்கினேன். கேஸ்கட்டிலேயே கோளாறு இருந்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கசியவில்லை. முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான்.

அந்தக் குறுவைக்கு அவரால் ஓட்டவும் முடியவில்லை, நடவும் முடியவில்லை. பதினாலு பேரில் பாதிப் பேர் வேறு வண்டியில் போனார்கள். கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் செய்த காரியம், வரப்பில் காத்திருந்த அந்த விவசாயியின் வீட்டுக்குப் போய், வராமல் போனதற்கு வருத்தம் சொன்னது. தோல் உரிந்து, கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த தண்டனை வேறு மாதிரி இருந்தது. அவர் என்னைப் புகழ ஆரம்பித்தார். போன இடத்தில் எல்லாம், கையைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொன்னார்: “தம்பி ஆறட்டும்னுதான் சொன்னாரு, நான்தான் அவசரப்பட்டுட்டேன். வண்டிய அவரே இழுத்துட்டுப் போயி மறுபடி பிரிச்சு மாட்டிக் குடுத்தாரு.” ஆவூரிலிருந்தும் நீடாமங்கலம் பக்கமிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். வேன்காரம்மா சொன்னாங்க என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேறு ஏதாவது எடுக்கப் போவேன். என் பட்டறைக்கு அதற்கடுத்த இரண்டு வருடம் வந்ததுபோல எப்போதும் கூட்டம் வந்ததில்லை.

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், போய் அக்காவிடம் சொல்லுங்க என்றிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை பத்துமணி வாக்கில், அக்கா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் உறவுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதே தொந்தரவு: கேஸ்கட் மாற்றி ஒரு மாதம் ஆகிறது, கூலண்ட் நிற்கவில்லை. வேறெங்கோ பார்த்த வேலை.

“இங்க குடுத்துட்டுப் போ. தம்பி ஒண்ணு சொன்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். நான் சொல்றேன்” என்றார் அக்கா.

வேனின் உள்ளே சீட்டுகளுக்குக் கீழே சின்னச் சின்னத் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. குழந்தைகள் விட்டுவிட்டுப் போனவை. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சனிக்கிழமைக்கு முன்னால் ஆகாது, லேத்துக்குப் போய் வர வேண்டும் என்று அந்த ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினேன். அக்கா கிளம்பப் போனார்.

“அக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்க.”

கழற்றிப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

“அன்னைக்குப் போன்ல ஆறட்டும்னு நான் சொல்லலக்கா.”

“என்னைக்கு?”

“கை வெந்த அன்னைக்கு.”

அவர் என்னையே பார்த்தார். “ஆஸ்பத்திரியில கேட்டேனே தம்பி. ஆமான்னீங்களே.”

“பொய் சொன்னேன்க்கா.”

மிச்சத்தையும் சொன்னேன். ஹெட் வளைந்திருந்ததைப் பார்த்தது, பார்த்த பிறகும் மாட்டியது, இறுக்கி, மூடி, பொடி, துடைத்த தடம் எல்லாம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலாக அது குழைந்துகொண்டே போனது. அவர் ரோட்டில் ஒரு நெல் லாரி போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

“அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்.”

“ஆமாக்கா.”

“ரெண்டு வருஷமா எனக்குக் காது மந்தம்னு நெனச்சிட்டிருக்கேன் தம்பி. யாரு போன் பண்ணுனாலும் ரெண்டு தடவ சொல்லச் சொல்றேன். தஞ்சாவூர்ல டாக்டர்கிட்டகூடக் காட்டுனேன். ஒண்ணுமில்லன்னாரு. அவரு சொன்னதத்தான் நான் நம்பல.”

எனக்கு நினைவு வந்தது. என்னிடமும் கேட்டிருக்கிறார், பல தடவை. ‘இன்னொரு வாட்டி சொல்லுங்க தம்பி.’ நானும் இன்னொரு வாட்டி சொல்லியிருக்கிறேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

“இப்ப எல்லார்கிட்டயும் போயி மாத்திச் சொல்லணும்” என்றார்.

மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு டீசல் போடணும் என்பதுபோலச் சொன்னார்.

மாற்றியும் சொன்னார். வேனில் வந்த பெண்கள் வீட்டுக்கெல்லாம் போனார். என்னிடம் யார் யாரை அனுப்பினாரோ அவர்களிடம் எல்லாம் போனார். மூன்றாம் நாள் அமுதா பட்டறைப் பக்கம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“உங்களத் திட்டலண்ணே அவங்க. வீடு வீடாப் போயி, ‘நான் உங்ககிட்ட சொன்னது தப்பு, அவரு ஆறட்டும்னு சொல்லல’ன்னுதான் சொல்றாங்க. அவங்க ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி சொல்றாங்க.” பிறகு, “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “நானும் வாயத் தொறக்கல.”

ஆட்கள் வருவது குறைந்தது. சிலர் வந்து, “அப்படியாங்க?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதைச் சொல்வது முதல் நாலைந்து பேரிடம்தான் கஷ்டமாக இருந்தது. மனைவியிடம், அக்காவிடம் சொன்ன அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

எட்டு, ஒன்பது நாள் கழித்து அக்காவே வேனோடு வந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் தம்பி. ஒருத்தி மட்டும் திருப்பூர் போயிட்டா. போன்ல சொல்லிடறேன்.”

“எம்மேல கோவமாக்கா?”

“கோவம் இருக்கு” என்றார். “அது இருக்கட்டும். கிளட்ச் கட்டையா இருக்கு, என்னன்னு பாருங்க.”

பார்த்தேன். கம்பி தேய்ந்திருந்தது. மாற்றி, எண்ணெய் விட்டு, மிதித்துப் பார்த்துவிட்டு அடியிலிருந்து வெளியே வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, “சரியாயிடுச்சுக்கா” என்றேன்.

சாவியை வாங்க அவர் கை நீட்டவில்லை. வேனின் அடிப்பக்கத்தைக் கையால் சுட்டினார்.

“காட்டுங்க” என்றார்.

சேலையை முழங்காலுக்கு இடையில் செருகிக்கொண்டு, எண்ணெய் ஊறிய அந்தத் தரையில் மண்டியிட்டுக் குனிந்தார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்து, இது பழைய கம்பி, இது புதுசு, இங்கே மாட்டியிருக்கிறேன், இப்படி இழுக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். என் விரல் தொட்ட இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் எவ்வளவு அவருக்குப் புரிந்ததோ தெரியாது. அவர் பார்வை போன பக்கமெல்லாம் டார்ச்சை நகர்த்தினேன். அவராக எழுந்திருக்கும்வரை அதை அணைக்கவில்லை.